சுரங்கத்தை மூடினால் போதுமா?

சங்கத்தின் கதவைப் பூட்டிவிட்டால் கணக்கு முடிந்துவிடாது. பற்று வரவு தீர்ந்த பின்னரே கலைப்பு நிறைவுறும் என்பதை அங்கத்தினர்கள் அறிவர். சுரங்கத்திற்கும் இது பொருந்தும்.

தாதுவை அரைத்துக் கழுவிய பின் எஞ்சும் நுண்சேற்றைக் கரை கட்டித் தேக்கிவைப்பர். பிரேசில் நாட்டுப் புருமாடின்ஹோவில், இரும்புச் சுரங்கத்தின் சேற்றின் மேலேயே படிப்படியாக எழுப்பிய கரை 86 மீட்டர் உயர்ந்திருந்தது. 2016-இல் சேறு விடுவது நின்றது. நீரோ உள்ளேயே தங்கிற்று. வடிகால் போதவில்லை, மழைநீரும் சேர்ந்தது. 2019 ஜனவரி 25-ஆம் நாள், நீர் ஊறிய சேறு திடீரெனக் கூழாகிக் கரை சரிந்தது. 270 பேர் மாண்டனர். பராவோபெபா ஆற்றுநீரைப் பயன்படுத்த அரசு தடை விதிக்க நேர்ந்தது.

முறையாக மூடுவதென்றால் என்ன? தேங்கிய நீரை வடித்தல். மழைநீர் விலகி ஓட வாய்க்கால் அமைத்தல். மேலே மண் பரப்பிப் புல் வளர்த்தல். கரைக்குள் நீர்மட்டத்தையும் கசிவுநீரின் தன்மையையும் பல்லாண்டு அளந்துவருதல். ஏரிக்கரையில் கசிவு கண்டால் உறக்கம் கொள்ளாத உழவர் இதன் அவசியத்தை எளிதில் உணர்வர்.

இதற்கான பணத்தை, நாம் லாபத்திலிருந்து காப்பு நிதி ஒதுக்குவதுபோல, சுரங்கம் ஈட்டும் நாளிலேயே ஒதுக்கிவைத்தல் வேண்டும். வருவாய் நின்ற பின் கேட்டால் கொடுப்பார் யார்?