பேபிளேடு: எந்தப் பாகத்தைத் தடை செய்வது?

ஜப்பானின் டக்காரா நிறுவனம் 1999இல் கொண்டுவந்த பேபிளேடு, பாகங்களைக் கழற்றி மாற்றிப் பூட்டி மோதவிடும் பம்பரம். அதில் தாக்கும் வகை நீடித்துச் சுழலும் வகையை வெல்லும்; நீடிப்பது தாங்குவதை வெல்லும்; தாங்குவது தாக்குவதை வெல்லும். இந்தச் சுற்று உடையாதவரை போட்டிகளில் எதையும் தடை செய்யத் தேவையில்லை. ஒரு பாகம் அடிக்கடி வெல்கிறது என்பது மட்டும் குற்றமாகாது. அதற்கு மாற்று இல்லை என்பதே குற்றம். 'ஃபேண்டம் ஓரியன்' பம்பரத்துடன் வந்த பேரிங் முனையைப் பாருங்கள். தரையைத் தொடும் நுனி தனியே நிற்க, மேலுள்ள உடல் உராய்வில்லாததுபோல் சுழல்கிறது. நீடிப்பில் சாதாரண முனைகள் அதற்கு ஈடாகா. எடையும் அப்படித்தான். விளிம்பில் குவிந்த கூடுதல் உலோகம் சுழல் நிலைமத்தை, அதாவது சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மையை, உயர்த்துகிறது. நிறை இரட்டித்தால் நிலைமமும் இரட்டிக்கும். ஆரம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். அதனால் கனமான, அகன்ற சக்கரம் அடியையும் தாங்கும், நெடுநேரமும் சுழலும். ஒரே பாகம் இரண்டு வேலையைச் செய்யும்போது சுற்று உடைகிறது.

காசு கொடுத்து வாங்கியதை ஏன் தடுக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் தடை இல்லாவிட்டால் எல்லோரும் அந்த ஒன்றையே வாங்கியாக வேண்டும். மற்ற பாகங்கள் அத்தனையும் வீணாகும். ஒருவர் கொண்டுவரும் மூன்று பம்பரங்களில் ஒரே பாகம் இருமுறை வரக்கூடாது என்ற, பேபிளேடு எக்ஸ் வரிசைப் போட்டிகளின் விதி இன்னும் மென்மையான வழி. அதுவும் போதாதபோது, முழுப் பம்பரத்தை அல்ல, குற்றமுள்ள பாகத்தை மட்டும் விலக்குங்கள்.