சுதந்திரச் சட்டமும் நம்ம பிரஜாவுரிமையும்

1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. இது கலஹாவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கொடியேற்றினால் மட்டும் ஒரு நாடு கைமாறாது. வெள்ளைக்காரன் சட்டம் வைத்தே ஆண்டான். விட்டுப்போகவும் சட்டம் வேண்டியிருந்தது. அதுதான் 1947 டிசம்பரில் லண்டன் பாராளுமன்றம் நிறைவேற்றிய இலங்கைச் சுதந்திரச் சட்டம். இலங்கை கேட்டுச் சம்மதித்தாலன்றி இனி அங்கு போடும் சட்டம் இங்கே செல்லாது என்றது அது.

ஆனால் இந்த நாட்டுப் பிரஜை யார் என்று அது சொல்லவில்லை. அதைக் கொழும்புப் பாராளுமன்றம் முடிவு செய்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கு பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த எத்தனை பேரிடம் அதற்குப் பத்திரம் இருந்தது? 1947 தேர்தலில் வாக்குப் போட்ட நம்ம ஆளுங்க நாடற்றவர்களானார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது.

1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. ஒரே குடும்பத்தில் சிலர் கப்பலேறினார்கள், சிலர் இங்கேயே நின்றார்கள். மிஞ்சியவர்களுக்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரவேண்டியிருந்தது.

ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நம்ம பெரியவங்க பட்ட பாடு போதும். பிள்ளை பிறந்ததும் பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மழை நனையாத இடத்தில் பத்திரமாக வையுங்கள்.