தீபாவளி ஆஃபருக்குக் காத்திருக்கலாமா?

(இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் பிரிவு)



“தீபாவளி ஆஃபர் வரட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்.” ஆவணி பிறந்துவிட்டால் நம்ம கேண்டீனில் அடிக்கடி காதில் விழும் வசனம் இதுதான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பெரியோர் சொன்னது உண்மையே. ஆனால் எதற்காகப் பொறுக்கிறோம் என்று தெரிந்து பொறுக்க வேண்டும் அல்லவா? விலை உயர்ந்த ஸ்மார்ட்போன், அதாவது ‘ஃபிளாக்ஷிப்’ வாங்கக் காத்திருப்பதில் லாபம் எங்கே, நஷ்டம் எங்கே என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

விலை ஏன் குறைகிறது?

ஆடித் தள்ளுபடியை நினைத்துப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் காட்சி கிடையாது. கடையில் துணி தேங்கும். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் முன் பழைய சரக்கைத் தள்ளியாக வேண்டும். அதனால்தான் தள்ளுபடி. நம்மேல் உள்ள பாசத்தால் அல்ல!

செல்போன் கதையும் ஏறக்குறைய இதேதான். ஃப்ளிப்கார்ட் நிறுவனம் 2014 அக்டோபர் 6-ஆம் தேதி ஒருநாள் சிறப்பு விற்பனை நடத்தியது. அமேசானும் பண்டிகை விற்பனையில் இறங்கியது. அன்று முதல் ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி இந்தத் திருவிழா நடக்கிறது. ஆப்பிள் கம்பெனியின் புது ஐபோன் வழக்கமாக வெளிவருவதும் செப்டம்பர் மாதத்தில்தான். புதுசு வந்ததும் போன வருடத்து மாடல் ‘பழசு’ ஆகிவிடும். அந்தச் சரக்கைக் கரைக்கத் தீபாவளியைவிட நல்ல நேரம் ஏது?

ஒரு கணக்கு பாருங்கள். ஐபோன் 16, 2024 செப்டம்பரில் வந்தபோது அதன் தொடக்க விலை ரூ. 79,900. 2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்ததும், கம்பெனியே அதை ரூ. 69,900 ஆக்கியது. அதே மாதம் தொடங்கிய பண்டிகை விற்பனையில் அது ஐம்பதாயிரத்துச் சொச்சத்துக்கு வந்தது. ஆனால் அப்போது புது ஐபோன் 17-இன் விலையோ ரூ. 82,900 ஆக இருந்தது. வங்கி அட்டைச் சலுகையைக் கழித்தால் அதில் பெரிய குறைவு ஒன்றும் இருக்கவில்லை.

சாம்சங் எஸ் வரிசை வருடத் தொடக்கத்தில் வருவது வழக்கம். தீபாவளிக்குள் அதற்கு எட்டு, ஒன்பது மாத வயது ஆகியிருக்கும். ஆகவே அதன் விலையும் இறங்கும்.

இதிலிருந்து தெரிவது என்ன? போன மாதம் வந்த போனுக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். ஒரு வயது ஆன போனுக்காகக் காத்திருந்தால் லாபம். பழசு என்று முகம் சுளிக்க வேண்டாம். 2024-இல் வந்த எஸ்24 வரிசைக்கு ஏழு ஆண்டு சாஃப்ட்வேர் அப்டேட் தருவதாக சாம்சங் அறிவித்தது. ஒரு வருடம் தள்ளி வாங்கினாலும் ஆறு வருடம் மிச்சம்!

வட்டி இல்லாத் தவணையா?

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற பெயரில் ஒரு வலை இருக்கிறது. பொதுவாக வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்கு விலையில் கழித்துக் காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டுத் தவணையில் அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு. வட்டி ரூ. 3,000 என்று வைத்துக்கொண்டால் வரி மட்டும் ரூ. 540. பிராசஸிங் கட்டணம் இருந்தால் அது தனி.

பணம் போவதுகூடப் பரவாயில்லை நண்பர்களே. என் அப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்ததும் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர ஆசை. அதற்குக் கல்விக் கடன் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதில் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பேரில் போன் தவணை எடுத்து இரண்டு மாதம் கட்டத் தவறினால் அது சிபில் கணக்கில் ஏறிவிடும். நாளைக்கு வங்கி மேனேஜர் அந்தக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார். கையில் ஒரு ஐபோன் இருக்கும். காலேஜ் சீட் இருக்காது. நம்மில் பலர் வீட்டு நிலைமை இதுதானே?

காத்திருப்போர் கவனத்திற்கு:

1) எந்த மாடல், எவ்வளவு பணம் என்று விற்பனைக்கு முன்பே நோட்டில் எழுதி வையுங்கள். ஆஃபரைப் பார்த்தபின் பட்ஜெட் போட்டால் அது எகிறிக்கொண்டே போகும்.

2) ஒரு மாதம் முன்பிருந்தே விலையைக் குறித்து வாருங்கள். அடித்துக் காட்டியிருக்கும் எம்.ஆர்.பி.யை நம்பாதீர்கள். நேற்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசமே உண்மையான தள்ளுபடி.

3) விளம்பர விலையில் வங்கி அட்டைச் சலுகையும் பழைய போன் எக்ஸ்சேஞ்சும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த அட்டை நம்மிடம் இல்லையென்றால் அந்த விலையும் நமக்கு இல்லை.

4) கையில் உள்ள போன் ரிப்பேராகிப் படிப்பு நின்றால் தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். தேவைக்கு ஒரு சாதா போன் போதும்.

எனக்கு ஃபிளாக்ஷிப் ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். “என்னடி, இன்னும் அதே டப்பா போனா?” என்று தோழிகள் கேட்கும்போது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் தீபாவளி வருடா வருடம் வரும். பி.இ. சீட்டு அப்படி வராது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் நண்பர்களே! முதல் சம்பளம் வாங்கி, ரொக்கம் எண்ணிக் கொடுத்து, போன வருடத்து மாடலை வாங்குவோம். அதுவரை காத்திருப்பது நமக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.