இடையிடையே தடுமாறும் எஞ்சின்

பழைய அம்பாசடர், பத்மினி மகிழுந்துகளில் சீராக ஓடும் எஞ்சின் திடீரெனத் தடுமாறிப் பின் தானே சீராவதுண்டு. லாரியை முந்தும் வேளையில் இழுவை குன்றுமாயின் உயிருக்கே இடர் நேரும். அதற்காக உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல் வீண்செலவேயாகும். தடுமாற்றம் எப்போது நேர்கிறது என்பதையே முதற்கண் அறிதல் வேண்டும்.

மழையிலும் பனியிலும் மட்டும் அது தோன்றினால், டிஸ்டிரிபியூட்டர் மூடியில் விரிசலோ, பிளக் கம்பிகளில் மின்கசிவோ இருக்கலாம். இருளில் முன்மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், கசியும் மின்பொறி பெரும்பாலும் கண்ணுக்கே புலப்படும். கம்பிகளைக் கையால் தொடலாகாது.

குளிர்ந்த நிலையில் நன்கு ஓடி, சூடேறியபின் தடுமாறினால், இக்னிஷன் காயிலையோ கண்டென்சரையோ ஐயுறலாம். ஆறியபின் சோதித்தால் இவை குறையற்றனவாகவே தோன்றக்கூடும். எனவே, சூடு தணியுமுன் சோதித்தல் இன்றியமையாதது. மேடேறும்போது மட்டும் தடுமாறினால், பெட்ரோல் வடிகட்டியையும் பம்பையும் ஆராய்தல் வேண்டும்.

பிளக்குகளும் சான்று பகரும். நுனியில் இளம்பழுப்பு நிறம் நலத்தின் அறிகுறி. பெட்ரோல் ஈரம், அந்தச் சிலிண்டரில் தீப்பொறி தவறியதைக் காட்டும். எண்ணெய்ப் படிவோ பிஸ்டன் வளையத் தேய்வை உணர்த்தலாம். குறை தோன்றும் காலத்தையும் சூழலையும் குறித்து வைப்பவர்க்கு அதன் காரணம் நெடுநாள் மறைந்திராது.