நரம்பியல் வேறுபாடுடையோரும் பொதுப்பூங்கா வடிவமைப்பும்

பொதுவெளியின் அணுகுதன்மை பெரும்பாலும் சாய்தளம், கைப்பிடி ஆகியவற்றைக் கொண்டே அளவிடப்படுகிறது. ஆட்டிசம் முதலிய நரம்பியல் வேறுபாடுடையோர் பலருக்குத் தடை புலன்வழியே எழுகிறது: திடீர் ஒலி, கண்கூசும் ஒளி, நெரிசல், முடிவு புலப்படாத பாதை. பிரித்தானியத் தரநிலை நிறுவனம் 2022இல் வெளியிட்ட பி.ஏ.எஸ். 6463 வழிகாட்டி, கட்டடங்களோடு வெளிப்புறங்களையும் இந்நோக்கில் ஆராய்கிறது.

இந்நோக்கைப் பூங்காவுக்குப் பொருத்தினால் மூன்று தேவைகள் புலனாகும். நுழைவிலேயே உள்ளமைப்பைப் படத்தால் உணர்த்துதல். ஆரவாரமான விளையாட்டிடத்தையும் அமைதிப் பகுதியையும் செடிவரிசையால் பிரித்தல். பின்புறம் மறைவும் முன்புறம் திறந்த பார்வையும் உடைய இருக்கைகள் அமைத்தல்.

எனினும், ஒருவரை ஆற்றும் நீரூற்றின் ஒலி மற்றொருவருக்குத் தாங்கவொண்ணாதது. ஆகவே எல்லார்க்கும் பொருந்தும் ஒரே சூழலைத் தேடுவதினும், விரும்பியதைத் தேர்ந்துகொள்ளவும் வேண்டாததினின்று விலகவும் இடமளிப்பதே இன்றியமையாதது. விலகியிருக்க இடமில்லாத பூங்காவுக்கு அத்தகு குழந்தையின் குடும்பம் மீண்டும் வரத் தயங்கும்.