வாலாஜா ரோடு: பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு



அண்ணா சாலையில் இருந்து கடற்கரைக்குப் போகும் வாலாஜா ரோட்டில் நாம் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோம். "வாலாஜா என்றால் என்ன?" என்று நம் பிள்ளைகள் கேட்டால், நம்மில் பலருக்குக் கிரிக்கெட் மைதானத்தைக் காட்டத் தெரிகிறது, பதில் சொல்லத் தெரிவதில்லை.

வாலாஜா என்பது ஊர்ப்பெயர் அல்ல, பட்டப்பெயர். பார்சி மொழியில் 'வாலா' என்றால் உயர்ந்த, 'ஜாஹ்' என்றால் அந்தஸ்து. 1749 ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருத்தீன் கான் கொல்லப்பட்ட பின், ஆற்காடு நவாப் ஆனவர் முஹம்மது அலி. முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அவருக்கு 'வாலாஜா' என்ற பட்டத்தை அளித்தார். 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுந்தது. 117 ஏக்கர் வளாகம்; வடக்கே கூவம், தெற்கே இன்றைய பாரதி சாலை, மேற்கே பெல்ஸ் ரோடு, கிழக்கே கடற்கரை. இன்றைய வாலாஜா ரோட்டின் கீழ்ப்பகுதி அந்த வளாகம் இருந்த இடத்தில்தான் செல்கிறது.

பட்டம் உயர்ந்தது, கடனும் உயர்ந்தது. போர்ச் செலவுக்காகக் கம்பெனியிடமும் ஆங்கிலேயர்கள் பலரிடமும் நவாப் கடன்பட்டார். அந்தக் கடன் விவகாரம் 1785-ல் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. 1801-ல் கர்நாடக ஆட்சி கம்பெனியின் கைக்குப் போனது. 1855-ல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மவுத்தானதும் நவாப் பட்டமும் நின்றது. அரண்மனை அரசாங்கத்திடம் சேர்ந்தது. நவாப் குடும்பத்தார் பிறகு ராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறினார்கள். அரண்மனையின் பகுதிகளான கலஸ் மஹாலும் ஹுமாயூன் மஹாலும் அரசு அலுவலகங்கள் ஆயின. 2012-ல் கலஸ் மஹாலில் பெரும் தீ விபத்து ஏற்பட்டு, பின்னர் அது புதுப்பிக்கப்பட்டது.

அதே குடும்பத்தார் 1795-ல் திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். அதுதான் நாம் தொழும் வாலாஜா பெரிய பள்ளி. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் எழுப்பப்பட்டது என்று சொல்லப்படும் கட்டடம். அங்கே கல்லில் பொறித்துள்ள பார்சி வாசகத்தை இயற்றியவர் ராஜா மக்கன் லால் கிராத் என்ற இந்து அறிஞர். அதில் வரும் 'திக்ருல்லாஹி அக்பர்' என்ற சொற்களின் எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் எண் போட்டுப் பாருங்கள்: திக்ர் 920, அல்லாஹ் 66, அக்பர் 223; கூட்டினால் 1209. அதுவே பள்ளி கட்டப்பட்ட ஹிஜ்ரி ஆண்டு.

1972-ல் மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் அந்தப் பள்ளி வளாகத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். பள்ளி அமைந்துள்ள திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை இன்று அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சிந்தித்துப் பார்ப்போம். தமக்கென்று கட்டிய 117 ஏக்கர் அரண்மனை குடும்பத்தின் கையில் நிலைக்கவில்லை. அல்லாஹ்வுக்காகக் கட்டிய பள்ளியில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐந்து வேளையும் பாங்கு ஒலிக்கிறது. அந்த நவாபின் பெயரைச் சொல்லி துஆ செய்ய இன்றும் ஆள் இருக்கிறது என்றால், அரண்மனையால் அல்ல.

ஆகவே குடும்பத்தாரிடம் நாம் வேண்டுவது இரண்டு. வரும் ஜும்ஆவுக்குப் பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கு அழைத்துச் சென்று, அந்தக் கல்லெழுத்தைக் காட்டி, 1209 கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் பாட்டனார் காலத்தில் பள்ளிக்கோ மதரஸாவுக்கோ வக்ஃப் செய்த பத்திரம் ஏதும் பெட்டியில் கிடந்தால், நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அரண்மனைகளின் கதையை எழுத ஆட்கள் உண்டு. நம் தெருவில் நம் முன்னோர் கொடுத்ததை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.