வீட்டில் இணைத்த கணினி விழிக்க மறுத்தால்...

தையல் இயந்திரமும் வானொலிப் பெட்டியும் இல்லத்தின் பெருமைக்குரிய பொருள்களாக விளங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று அவ்விடத்தைப் பல வீடுகளில் கணினி பெற்றுள்ளது. கடையில் முழுமையாகச் செய்து வைத்த கணினியை வாங்காமல், அதன் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே இணைத்துக்கொள்ளும் இளைஞரும் நம்மிடையே பலர் உளர். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, விலை பேசி, அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும் மாணவரைக் காணாதவர் யார்?

பல நிறுவனங்கள் செய்த உறுப்புகள் ஒரே பெட்டிக்குள் எவ்வாறு ஒத்துப்போகின்றன என்று வியப்பவர் உண்டு. 1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியின் அமைப்பு பிறரும் பின்பற்றத்தக்கதாக இருந்தது. பின்னர் 1995-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். எனும் அளவு முறையை வகுத்தது. பலகையின் நீள அகலம், திருகாணித் துளைகளின் இடம், மின்கம்பிகளின் முனை ஆகியவை அதனால் ஒழுங்குபட்டன. இன்று வீட்டு மேசையில் ஒரு திருப்புளியைக் கொண்டே கணினியை இணைக்க முடிகிறதென்றால் அதற்கு இவ்வொழுங்கே காரணம்.

ஆனால், எல்லாவற்றையும் பொருத்திவிட்டுப் பொத்தானை அழுத்தும்போது கணினி அசையாமல் கிடந்தால் வீட்டில் நிகழ்வது என்ன? "அப்போதே சொன்னேன், கடையில் வாங்கியிருக்கலாம்" என்பார் தந்தை. "பணமெல்லாம் வீணாயிற்றே" என்று தாய் கலங்குவார். பல மாதம் சேர்த்த பணத்தையும், அதனினும் மேலாகத் தன் திறமையின்மீது வைத்திருந்த நம்பிக்கையையும் ஒரே நொடியில் இழந்துவிட்டதாகப் பிள்ளை எண்ணும். பதற்றத்தில் நல்ல உறுப்பையே பழுதென்று கருதி, மீண்டும் பணம் கொடுத்துப் புதிது வாங்குவோரும் உண்டு.

பெற்றோரும் பிள்ளைகளும் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது யாதெனில், புதிதாக இணைத்த கணினி இயங்காமற்போவதற்குப் பழுதான உறுப்பைவிடச் சரியாகப் பொருந்தாத இணைப்பே அடிக்கடி காரணமாகிறது என்பதுதான். எனவே பணப்பையைத் திறக்குமுன் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

முதலில் பாதுகாப்பு

பெட்டியில் கைவைக்குமுன் சுவரிலிருந்து மின்செருகியை அகற்றிவிட வேண்டும். முன்பக்கப் பொத்தானை அணைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. செருகி சுவரில் இருக்கும்வரை, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி தாய்ப்பலகைக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். செருகியை அகற்றியபின் முன்பக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பலகையில் எஞ்சிய மின்சாரமும் நீங்கும்.

மின்வழங்கியின் உலோகக் கூட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள், செருகியை அகற்றிய பின்னரும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கக்கூடும். இதில் நாம் சிறிதும் விட்டுக்கொடுக்க இயலாது. பிள்ளையின் ஆர்வம் எவ்வளவு பெரியதாயினும் அந்தக் கூட்டின் திருகாணிகளைத் தொட இடம் தரலாகாது.

ஈரக் கையோடு வேலை செய்தல் கூடாது. மோதிரம், கைச்சங்கிலி முதலியவற்றைக் கழற்றி வைத்தல் நலம். நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்கவல்லது. ஆதலால் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொள்ள வேண்டும். கணினிக்கு மின்சாரம் தரும் மூன்று முனைச் செருகியில் நிலத்தொடர்பு, அதாவது எர்த் இணைப்பு, செம்மையாக உள்ளதா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு அறிதல் வேண்டும்.

கணினி விழிக்கும் வரிசை

கணினி எந்த வரிசையில் உயிர்பெறுகிறது என்பதை அறிந்தால், எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதைக் கண்டுகொள்ளலாம்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட் எனக் குறைத்துத் தருகிறது. முன்பக்கப் பொத்தான் செய்வது மிகச் சிறிய வேலையே. தாய்ப்பலகையில் உள்ள இரண்டு ஊசிகளை அது ஒரு கணம் இணைக்கிறது. உடனே தாய்ப்பலகை மின்வழங்கியை விழிக்கச் செய்கிறது. மின்னழுத்தங்கள் நிலைபெற்றதும், ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் அரை நொடிக்கும் இடைப்பட்ட நேரத்தில், "எல்லாம் சரி" என்ற குறிப்பை மின்வழங்கி அனுப்புகிறது. அதன் பின்னரே பிராசஸர் எனப்படும் செயலி வேலையைத் தொடங்கி, பயாஸ் என்னும் அடிப்படை ஆணைத்தொகுப்பைப் படிக்கிறது. அவ்வாணைகளின்படி நினைவகம், திரை இணைப்பு முதலியவை சோதிக்கப்படுகின்றன. இறுதியாகத்தான் வட்டிலுள்ள விண்டோஸ் அல்லது லினக்ஸ் ஏற்றப்படுகிறது.

இனி, நோயின் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

அசைவே இல்லையெனில்

விசிறி சுழலவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். அதே இடத்தில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியை விடுத்து நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். மின்வழங்கியின் பின்புறம் உள்ள சிறு விசை "0" என்னும் பக்கம் இருந்தால் கணினிக்கு மின்சாரமே செல்லாது. பழைய மின்வழங்கிகள் சிலவற்றில் 115, 230 என்று குறித்த சிவப்பு விசையொன்று இருக்கும். நம் நாட்டில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-இல் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் மின்வழங்கி எரிந்துபோகும்.

அடுத்து, 24 ஊசிகள் கொண்ட பெரிய இணைப்பு தாய்ப்பலகையில் முழுதும் இறங்கியுள்ளதா எனக் காண்க. அதன் பக்கவாட்டுக் கொக்கி "டக்" என்ற ஓசையுடன் பற்றிக்கொள்ள வேண்டும்; பாதி இறங்கிய இணைப்பு பார்வைக்குச் சரியாகவே தோன்றும்.

அதன்பின் முன்பக்கப் பொத்தானின் கம்பியைக் கவனியுங்கள். தாய்ப்பலகையின் விளிம்பில் நெருக்கமாக நிற்கும் சிறு ஊசிகளில் அதற்குரிய இரண்டை, பலகையுடன் வந்த கையேட்டின் படத்தைப் பார்த்தே கண்டறிய வேண்டும். ஓரூசி தள்ளிச் செருகியிருந்தாலும் பொத்தான் பயன்படாது. ஐயம் இருப்பின் அக்கம்பியைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தை இணைத்து, அவ்விரு ஊசிகளை மட்டும் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொடலாம். கணினி விழித்துக்கொண்டால் பொத்தானிலோ அதன் கம்பியிலோதான் குறை. இச்சோதனையைப் பெரியவர் ஒருவர் உடனிருந்து செய்தல் தகும்; வேறு ஊசிகளைத் தொட்டுவிடலாகாது.

சுழன்று உடனே நின்றால்

விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுமாயின், எங்கோ குறுக்குமின் பாய்கிறது என்று ஐயுறலாம். தாய்ப்பலகையைப் பெட்டியின் தகட்டிலிருந்து உயர்த்தி நிறுத்தப் பித்தளைக் குமிழ்கள் பொருத்தப்படும். பலகையில் துளை இல்லாத இடத்தில் ஒரு குமிழ் எஞ்சியிருந்தால் அது பலகையின் அடிப்புறத்தைத் தொட்டு மின்சாரத்தை வழிமாற்றிவிடும். பலகைக்கு அடியில் உருண்டோடிய ஒரு திருகாணியும் இதையே செய்யும். மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ளவே நின்றுவிடுகிறது. ஆகவே மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவது அறிவுடைமையன்று.

சில நொடிகள் ஓடி நின்றால் செயலியின்மேல் அமரும் குளிர்விப்பானைக் காண வேண்டும். அது நான்கு மூலையிலும் சமமாக அழுந்தியிருக்க வேண்டும். அதன் அடித்தகட்டில் ஒட்டப்பட்ட மெல்லிய பாதுகாப்புத் தாளை உரிக்க மறந்துவிடுவோர் பலர்.

ஓடுகிறது, திரை இருளாக உள்ளது

மிகுதியாகக் குழப்பம் தருவது இந்நிலையே. விசிறி சுழல்வதனால் மட்டும் எல்லாம் நலம் என்று கொள்ளலாகாது.

முதலாவது, திரையின் கம்பி எங்கே செருகப்பட்டுள்ளது? தனி கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் அதிலேயே செருக வேண்டும். இல்லையெனில், செயலிக்குள் திரைக்காட்சி வசதி உண்டா என்று அறிய வேண்டும். இன்டெல் ஐ5 12400 செயலியில் அவ்வசதி உண்டு. 12400எஃப் என்பதில் இல்லை. ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி-யில் உண்டு, 5600-இல் இல்லை. வசதியற்ற செயலியைக் கிராஃபிக்ஸ் அட்டையின்றி இணைத்தால் எத்தனை நாள் காத்திருப்பினும் படம் தோன்றாது. ஓரெழுத்தின் வேற்றுமை இத்துணைத் தொல்லை தருகிறது!

இரண்டாவது, செயலிக்கென்று தாய்ப்பலகையின் மேல்மூலையில் 8 ஊசி இணைப்பொன்று தனியே உண்டு. அதைச் செருகாவிடில் விசிறி சுழலும், செயலி உறங்கும். கிராஃபிக்ஸ் அட்டைக்கான 8 ஊசி இணைப்பும் பார்வைக்கு இதைப் போன்றதே. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வலிந்து செருகலாகாது.

மூன்றாவது, ராம் எனப்படும் நினைவகம். இரு முனைக் கொக்கிகளும் பற்றிக்கொள்ளும்வரை உறுதியாக அழுத்த வேண்டும். நான்கு துளைகள் உள்ள பெரும்பாலான பலகைகளில், ஒரே அட்டை இருந்தால் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது துளையில் செருகுதல் முறை; இரண்டு இருந்தால் இரண்டாவதும் நான்காவதும். ஒவ்வோர் அட்டையாகத் தனித்துச் செருகிச் சோதித்தால் பழுதான அட்டை வெளிப்படும்.

புதிய தாய்ப்பலகைகள் பலவற்றில் நான்கு சிறு விளக்குகள் உள்ளன. செயலி, நினைவகம், திரை அட்டை, வட்டு ஆகியவற்றுள் எதில் தடை என்பதை அவை காட்டும். விளக்கில்லாத பலகையில் சிறு ஒலிப்பானைப் பொருத்தினால், அது எழுப்பும் "பீப்" ஓசைகளை எண்ணிக் கையேட்டில் பொருள் காணலாம். ஓசைகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பொறுமையும் இங்கே ஒரு கருவியே. டி.டி.ஆர்.5 வகை நினைவகம் கொண்ட கணினி முதன்முறை விழிக்கையில் நினைவகத்தைப் பழக்கிக்கொள்வதற்குச் சில நிமிடங்கள் எடுக்கக்கூடும். இடையே தானாக அணைந்து எழவும் கூடும். அதற்குள் பழுதென்று முடிவுகட்டிச் செருகியை இழுத்துவிடலாகாது.

பலகை பழையதாகவும் செயலி புதியதாகவும் இருந்தால், பலகையிலுள்ள பயாஸ் அச்செயலியை அறியாதிருக்கலாம். 2018-இல் வந்த பி450 பலகைகள், 2020-இல் வந்த ரைசன் 5000 வரிசையை ஏற்கப் புதிய பயாஸ் தேவைப்பட்டது இதற்குச் சான்று. விற்ற கடையிலேயே இதைப் புதுப்பித்துத் தரச் சொல்லலாம்.

படம் தோன்றி, எழுத்துகளும் வந்து, விண்டோஸ் மட்டும் வரவில்லையெனில் மகிழுங்கள்! கணினி உயிர்பெற்றுவிட்டது. வட்டின் இணைப்பைச் சரிபார்த்து, மென்பொருளை ஏற்றுவதே எஞ்சிய வேலை.

குறைத்துப் பார்த்தல்

மேற்கூறியவற்றால் பயனில்லையெனில், மருத்துவர் நோயாளியின் உணவைக் குறைத்துப் பின் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது போன்ற முறையொன்று உண்டு. தாய்ப்பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்து உலர்ந்த அட்டைப் பெட்டியின்மேல் வையுங்கள். செயலி, குளிர்விப்பான், ஒரே ஒரு நினைவக அட்டை, மின்வழங்கி ஆகியவை மட்டும் போதும். செயலியில் திரைக்காட்சி வசதி இல்லையெனில் கிராஃபிக்ஸ் அட்டையும் வேண்டும். பலகையிலுள்ள சி.ஆர்.2032 எனும் நாணய வடிவ மின்கலத்தைச் சில நிமிடம் அகற்றிப் பொருத்தினால் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

இந்நிலையில் இயங்கினால், ஒவ்வோர் உறுப்பாகச் சேர்த்து வாருங்கள். ஒவ்வொரு முறையும் மின்செருகியை அகற்றியே சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்தபோது நின்றதோ, குறை அங்கேதான். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது காரணமென்று அறிய இயலாது. ஒரு குறிப்பேட்டில், செய்ததையும் கண்டதையும் நேரத்துடன் எழுதி வருதல் பெரும் பயன் தரும்.

மின்னளவி வைத்திருக்கும் அனுபவசாலி உடனிருந்தால், கணினி ஓடும்போது 12 வோல்ட் இணைப்பில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் இணைப்பில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கிறதா என்று காணலாம். இவ்வெல்லையை மீறினால் மின்வழங்கியையே மாற்ற வேண்டும்.

எப்போது நிறுத்துவது?

கருகிய நாற்றமோ புகையோ எழுந்தால் உடனே சுவரிலுள்ள விசையை அணையுங்கள். மீண்டும் முயல வேண்டாம். செயலி அமரும் இடத்திலுள்ள மெல்லிய ஊசிகள் வளைந்திருந்தால், அவற்றைத் தாமே நிமிர்த்த முற்படாமல் அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள். எல்.ஜி.ஏ.1700 என்ற அமைப்பில் மட்டும் அத்தகைய ஊசிகள் 1700 உள்ளன. ஒன்று முறிந்தாலும் பலகை வீணாகலாம்.

வாங்கிய உறுப்புகளின் ரசீதையும் அட்டைப் பெட்டிகளையும் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதக் காலத்தில் பழுதான உறுப்பை மாற்றிப் பெற அவையே துணை. பழுதுபார்க்கக் கணினியைக் கடையில் விடும்போது, குடும்பப் படங்களும் கணக்குகளும் உள்ள வட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வது நன்று.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை பெட்டியைத் திறந்து வைத்துத் திகைத்து நிற்கும் வேளையில் கடிந்துகொள்ளாதீர்கள். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் அமருங்கள். கையேட்டை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவ்வாறு அமர்ந்து தானே குறையைக் கண்டறிந்த பிள்ளை, எந்த இயந்திரத்தின் முன்னும் இனி அஞ்சி நிற்காது. ஒருகால் உறுப்பொன்று உண்மையிலேயே பழுதாகியிருந்தாலும், எது பழுது என்று சொல்லத் தெரிந்த வாடிக்கையாளராகவே அது கடையின் படியேறும்.